தொப்புளை உள்ளே இழுக்கிறதா, வயித்தை இறுக்குறதா? – இடுப்புவலிக்காரங்களுக்கு எது சரி

வைகைத்தென்கரை:

மதுரையில ஒரே இடுப்புவலிக்கு ரெண்டு நேர்மாறான சொல் ஓடிக்கிட்டு இருக்கு. பிசியோ சென்டர்ல படுக்க வச்சு, "தொப்புளை முதுகோட ஒட்டுற மாதிரி மெல்ல இழுங்க"ங்கிறாங்க. ஜிம்முல, "யாரோ வயித்துல குத்த வர்ற மாதிரி நினைச்சு இறுக்குங்க"ங்கிறாங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியாது. எது எங்க செல்லும்னு பேசத்தான் இந்த இழை. "எனக்கும் வலிச்சுச்சு, இந்த எண்ணெய் போட்டேன், சரியாப்போச்சு" வகைப் பதிவெல்லாம் வேண்டாம்.

முதல்ல அடிப்படை. முதுகுத்தண்டு தன்னால நிக்கிற தூண் கிடையாது. தசையை எல்லாம் நீக்கிட்டு எலும்பு, ஜவ்வு, தசைநார் (எலும்போட எலும்பைக் கட்டுற நார்) மட்டும் இருக்கிற இடுப்புப் பகுதித் தண்டை ஆய்வகத்துல அழுத்திப் பார்த்திருக்காங்க. சுமார் 90 நியூட்டன்ல, அதாவது 9 கிலோ வச்ச உடனே வளைஞ்சு சரிஞ்சிருது. முக்கால் குடம் தண்ணிகூட வராது அது. நம்ம மேலுடம்பு எடையே அதைப்போல மூணு மடங்குக்கு மேல. அப்புறம் எப்படி நிக்குது? பந்தல்காரங்க நடுக்கம்பை நட்டு நாலு பக்கமும் கயித்துல இழுத்துக் கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. கயிறு தடிமனா இருக்கணும்னு அவசியம் இல்ல, நாலும் சரியான இறுக்கத்துல இருக்கணும். ஒண்ணு தொய்ஞ்சிருந்து மத்த மூணும் விறைப்பா இருந்தாத்தான் கம்பு சாயும்.

இதை 1992ல ஒழுங்கா எழுதி வச்சவர் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த மனோகர் பஞ்சாபி. எலும்பும் தசைநாரும் ஒண்ணு, தசை ஒண்ணு, நரம்புக் கட்டுப்பாடு ஒண்ணு. மூணும் சேர்ந்தாத்தான் நிலைப்பு. ஒரு மூட்டு எதிர்ப்பே இல்லாம லேசா அசையுற சின்ன வட்டத்தை 'நியூட்ரல் சோன்'னு சொன்னார். தசைநார் தொய்ஞ்சா, டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு) உயரம் குறைஞ்சா அந்த வட்டம் பெருசாகும். அப்ப தசையும் நரம்பும் கூடுதலா வேலை பார்த்துதான் ஈடுகட்டணும்.

கம்புக்காரன்:

சிலம்பத்துல யாரும் தொப்புளை இழுத்துக்கிட்டுச் சுத்துறது கிடையாது ண்ணே. கம்பு கம்போட மோதுற கணத்துல வயிறு, விலா, முதுகு மூணும் சேர்ந்து ஒரு சுத்துக் கட்டாகும். அடுத்த கணம் விட்டிரும். கர்லாக்கட்டையும் அப்படித்தான். கட்டை தலைக்குப் பின்னால இறங்கும்போது விலா தூக்கிக்கிட்டு இடுப்பு வளைஞ்சா, "விலாவை இறக்கு"ன்னுதான் வாத்தியார் சொல்லுவார். இந்தத் தொப்புள் இழுப்பு எங்க இருந்து வந்துச்சு?

தெப்பக்குளம்மேற்கு:

ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது தம்பி. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் 1996ல் வெளியிட்ட ஆய்வு. நின்றுகொண்டு கையைச் சட்டெனத் தூக்கச் சொன்னார்கள். வலி இல்லாதவர்களுக்குக் கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் இருக்கும் குறுக்குத் தசை வேலையைத் தொடங்கிவிட்டது. இடுப்புவலிக்காரர்களுக்கு அதே தசை தாமதமாகத்தான் வந்தது. பலத்தில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை. அந்தத் தசையைத் தனியாகத் தட்டி எழுப்ப ஒரு வழி வேண்டியிருந்தது. அதுதான் இந்த உள்ளிழுப்பு. பாடம் நடத்தக் கண்டுபிடித்த வழியை வாழ்க்கை முழுக்கச் செய்யச் சொன்னதில்தான் குழப்பம் வந்தது.

செய்யும் முறையிலேயே முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் துருத்தும் எலும்பு முனை இருக்கும். அதிலிருந்து இரண்டு விரல் உள்ளே, கொஞ்சம் கீழே விரல் நுனியை அழுத்தி வையுங்கள். மூச்சை விட்டு, அடிவயிற்றை மட்டும் பைய இழுங்கள். விரலுக்கு அடியில் துணியை இழுத்துப் பிடித்த மாதிரி மெல்லிய இறுக்கம் தெரிந்தால் சரி. விரலைத் திடுக்கென்று மேலே தள்ளினால் வெளித் தசை முந்திக்கொண்டது. விலா இறங்கினாலோ, இடுப்பு தரையோடு அழுந்தினாலோ, மூச்சு நின்றாலோ தவறு. 10 நொடி பிடித்து, பிடிக்கும்போதே பத்து வரை வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ண முடியவில்லை என்றால் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள்.

சென்டர்களில் இதற்குக் காற்றுப்பை வைத்து அளப்பார்கள். கவிழ்ந்து படுத்தால் வயிற்றுக்கடியில் பையை 70 மில்லிமீட்டர் பாதரசம் வரை நிரப்புவோம். ஒழுங்காக இழுத்தால் ஊசி அதிலிருந்து 4 முதல் 10 புள்ளி குறையும். மல்லாந்து படுத்தால் இடுப்பு வளைவுக்கடியில் 40க்கு நிரப்பி, குதிகாலை மெல்ல நீட்டும்போது ஊசி அதிகம் ஆடாமல் பார்ப்போம். வீட்டில் ஊசி வைத்த பழைய பிபி கருவி இருந்தால் அதன் துணிப்பட்டையை மடித்து இரண்டாவதைச் செய்யலாம்.

குடம் தூக்க, சிலிண்டர் நகர்த்த இது போதாது. குறுக்குத் தசை மட்டும் இறுகினால் வயிறு ஒடுங்கி, பக்கக் கயிறுகளின் பிடிமானம் குறுகுகிறது. பந்தல் கயிற்றை எட்டத் தள்ளி அடித்த முளையில் கட்டினால்தான் கம்பு அசையாது, காலடியில் கட்டினால் பலன் இல்லை. சுமைக்கு ஜிம்காரர்கள் சொல்லும் சுற்று இறுக்கமே சரி. ஆனால் கல் மாதிரி வேண்டாம். அன்றாட வேலைக்கு முழுப் பலத்தில் 5 முதல் 10 சதவீதம் போதும். பேசிக்கொண்டே பிடிக்கக்கூடிய இறுக்கம்.

ஆதாரம்எங்க:

தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்த 'கோர்' (வயிறு, இடுப்பைச் சுத்தின தசை) மோகத்துல கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். நாள்பட்ட இடுப்புவலிக்குத் தசைக்கட்டுப்பாட்டுப் பயிற்சி பத்தி 2016ல காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுற அமைப்பு) தொகுப்பாய்வு வந்துச்சு. ஒண்ணும் செய்யாம இருக்கிறதுக்கு அது தேவலை. மத்த உடற்பயிற்சியோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் கிடையாது. நடை, நீச்சல், எடைப் பயிற்சி எல்லாம் ஏறக்குறைய அதே பலன்தான்.

இன்னொண்ணு, "உங்க முதுகு ஸ்டேபிள் இல்ல"ன்னு ஒருத்தர்கிட்ட சொன்னா அவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடக்க ஆரம்பிக்கிறார். நாற்காலியில உக்காரும்போதும் இறுக்கம், தும்மினா இறுக்கம். நாள்பட்ட வலிக்காரங்கள்ல கணிசமானவங்களுக்குத் தசை ஏற்கெனவே தேவைக்கு மேல இறுகித்தான் இருக்கும். அவங்களை மேலும் இறுக்கச் சொன்னா தண்டு மேல அழுத்தம் கூடும், சாயங்காலம் வலியும் கூடும்.

வைகைத்தென்கரை:

ஒத்துக்கிறேன். சென்டருக்குச் சென்டர் "ஸ்டேபிளிட்டி இல்ல"ன்னு முத்திரை குத்துறதை நிறுத்தணும். ஆனா ஒரு இடத்துல அந்தப் பயிற்சிக்குத் தனி மதிப்பு இருக்கு. தண்டை ஒட்டியே ஓடுற மல்டிஃபிடஸ் தசை, முதல் தடவை இடுப்பு பிடிச்சவங்களுக்கு வலிக்கிற பக்கம், வலிக்கிற மட்டத்துலயே சுருங்கிப்போகுது. வலி போன பிறகும் தானாத் திரும்பி வர்றதில்ல. ஹைட்ஸ் குழு 39 பேரைத் தொடர்ந்து பார்த்து 2001ல வெளியிட்ட ஆய்வுல, அந்தத் தசைக்குன்னு பயிற்சி செஞ்சவங்கள்ல 30 சதவீதம் பேருக்குத்தான் ஒரு வருசத்துல வலி திரும்பிச்சு. செய்யாதவங்கள்ல 84 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதை மட்டும் வச்சு ஊரையே மாத்த முடியாது. ஆனா "வலி போயிருச்சு, பயிற்சி எதுக்கு"ன்னு மூணாவது நாளே விட்டிர்றவங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். உங்க காக்ரேன் நாள்பட்ட வலியைப் பத்தினது, இது முதல் பிடிப்பு. ரெண்டும் வேற.

மல்லித்தோட்டம்:

உசிலம்பட்டி பக்கம் பூ எடுக்கிறவங்க விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நேரா தோட்டத்துக்குப் போய்க் குனியுறாங்க. பயிற்சி எல்லாம் அப்புறம் ண்ணே, இந்தக் காலைக் குனிவுக்கு என்ன வழி? பகல்ல களை எடுக்கும்போது வலிக்கிறதைவிட இதுலதான் அதிகம் பிடிக்குது.

தெப்பக்குளம்மேற்கு:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். பகலில் குறையும் உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். உப்பியிருக்கும் டிஸ்க்கோடு குனிந்தால், அதே அளவு குனிவுக்கு டிஸ்க்கில் ஏறும் வளைவு அழுத்தம் மாலையில் இருப்பதைவிட ஏறத்தாழ 300 சதவீதமும், தசைநாரில் 80 சதவீதமும் கூடுதல். எழுந்த முதல் 2 மணி நேரம் குனிவதைக் குறைக்கச் சொல்லி மட்டும் 1998ல் ஸ்னூக் என்பவர் ஒரு ஆய்வு செய்தார். அதுவே வலியையும் வலி இருக்கும் நாட்களையும் குறைத்தது.

பூ விடியலுக்குக் காத்திருக்காது, தெரியும். அதனால் வரிசையை மாற்றுங்கள். எழுந்ததும் வண்டியில் ஏறாமல் முடிந்தவரை தோட்டத்துக்கு நடந்தே போகட்டும். முதல் அரை மணி நேரம் செடியின் மேல்கிளை மொக்குகளை நின்றபடி எடுக்கட்டும், அடிக்கிளைக்குப் பிறகு வரலாம். அடிக்கிளைக்கு முழங்காலை விறைத்துக் குனியாமல் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு தொடையில் முழங்கையைத் தாங்கவிட்டால் மேலுடம்பு எடையில் ஒரு பகுதி தொடைக்குப் போய்விடும். ஒவ்வொரு பாத்தி முடிவிலும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் லேசாகச் சாய்ந்து இரண்டு மூச்சு.

கோலத்துக்கும் இதே கதைதான். மார்கழியில் எழுந்த கையோடு முற்றம் கூட்டி, சாணி தெளித்து, காலை விறைத்துக் குனிந்து அரை மணி நேரம். எழுந்ததும் அடுப்பில் காப்பிக்கு வைத்து, வீட்டுக்குள் நின்றபடி செய்கிற வேலையை முடித்துவிட்டு வாசலுக்கு வரலாம். நீளக் கைப்பிடி விளக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு புள்ளிக் கோலம் என்றால் மணையில் உட்கார்ந்து நகர்ந்து போடலாம். வலது கை புள்ளி வைக்கும்போது இடது முன்கை இடது தொடையில் ஊன்றியிருக்கட்டும். பலரும் அந்தக் கையைச் சும்மா முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருப்பார்கள். தாங்கு கொடுக்க வேண்டிய கை அது.

கீழமாசிவீதி:

லாரியில உக்கார்ந்து வந்து அரிசி மூட்டை இறக்குறவங்களுக்குப் பிடிச்சுக்கிறது எதனால? அவங்க எந்திரிச்சு பல மணி நேரம் ஆகியிருக்குமே.

கம்புக்காரன்:

இது வேற காரணம். குனிஞ்ச வாக்குல ரொம்ப நேரம் உக்கார்ந்தா முதுகுத் தசைநார் ரப்பர் மாதிரி இழுபட்டுத் தொய்யும். 20 நிமிசம் நல்லா வளைஞ்சு உக்கார்ந்துட்டு எந்திரிச்சா, ரெண்டு நிமிசத்துல விறைப்பு பாதிதான் திரும்புது. அரை மணி ஆகியும் மிச்சம் கொஞ்சம் இருக்கு. திண்டுக்கல்ல இருந்து கேபின்ல கூனிக்கிட்டு வந்தவர் கதவைத் திறந்த உடனே மூட்டையில கை வச்சா, தொய்ஞ்ச கயித்துல பந்தல் தூக்குற மாதிரிதான். இறங்கி, தார்ப்பாய் அவிழ்க்கிறது, பில்லு பார்க்கிறதுன்னு நின்னு நடக்கிற வேலையை முதல்ல முடிச்சிரணும். பூக்கட்டுற அக்காமாருக்கும் இது பொருந்தும். ரெண்டு மணி நேரம் தரையில உக்கார்ந்து கட்டிட்டு எந்திரிச்ச வேகத்துல தண்ணிக்குடத்தைத் தூக்கக்கூடாது.

தூக்கும்போது நடக்கிற கணக்கு இது. கேஸ் சிலிண்டர் நிறைஞ்சது சுமார் 30 கிலோ. தண்டுல இருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சா, தண்டுக்குப் பின்னால 6 சென்டிமீட்டர்ல இருக்கிற முதுகுத் தசை அதைச் சமாளிக்க 30 × 40 ÷ 6, அதாவது 200 கிலோ அளவுக்கு இழுக்கணும். 20 சென்டிமீட்டருக்குள்ள, தொடையோட ஒட்டிப் பிடிச்சா 100 கிலோ. மேலுடம்பு எடை இதுல சேரல. "முதுகை நேரா வை"ங்கிறதுக்கு முன்னாடி "சுமையை ஒட்டி வை"ன்னு சொல்லணும். சிலிண்டரைத் தூக்கவே வேண்டியதில்ல, சாய்ச்சு அடி விளிம்புல உருட்டுங்க.

வைகைத்தென்கரை:

மூட்டைக் கணக்கையும் சேர்த்துக்கிறேன். அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பை ஆராயுற நியோஷ் அமைப்பு எல்லாம் சாதகமா இருக்கிற நிலையிலேயே 23 கிலோவைத்தான் உச்சமா வச்சிருக்கு. தண்டு மேல 3,400 நியூட்டன் அழுத்தம் அவங்க போட்ட எச்சரிக்கைக் கோடு. இங்க கடைக்கு வர்ற அரிசிப்பை 26 கிலோ (2022ல 25 கிலோ வரைக்குமான பைக்கு ஜிஎஸ்டி போட்ட பிறகு 25 கிலோ போய் அது வந்துச்சு), நெல் கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டை. குறைக்கச் சொல்ற அதிகாரம் தூக்குறவர்கிட்ட இல்ல. அதனால தரையில இருந்து எடுக்கிற அந்த ஒரு நொடியைத்தான் மாத்த முடியும். மூட்டையை முதல்ல நிமிர்த்தி நிறுத்தி, ஆளுக்கு ஒரு பக்கமா ரெண்டு பேர் பிடிச்சு ஏத்தணும். தலையில சும்மாட்டு மேல ஏறிட்டா பாரம் தண்டுக்கு நேரா இறங்கும், நெம்புகோல் கணக்கு குறைஞ்சிரும். கெடுதல் நடக்கிறது ஏத்துறப்பவும், இறக்கும்போது பாதத்தை நகர்த்தாம இடுப்பை மட்டும் திருப்பி வீசுறப்பவும்தான்.

குடம் பத்தி ஒரு ஆச்சரியமான அளவு இருக்கு. கனடாவோட முதுகுத்தண்டு ஆய்வாளர் மெக்கில் குழு 2013ல அளந்தது. ஒரு கையில 30 கிலோ தூக்கி நடந்தா இடுப்புத்தண்டுல 2,800 நியூட்டனுக்கு மேல. அதையே ரெண்டு கைக்கும் 15, 15 கிலோவாப் பிரிச்சா 1,570. ரெண்டு கையிலும் 30, 30 கிலோ தூக்கினாக்கூட ஒரு கையில 30 தூக்கினதைவிடக் குறைவாத்தான் வந்துச்சு. ஒரு பக்கம் சுமை இருந்தா எதிர்ப்பக்கத் தசை சாயாம இழுத்துப் பிடிக்குது, அந்த இழுப்பும் சேர்ந்து தண்டையே அழுத்துது. 15 லிட்டர் குடத்தை இடுப்புல வச்சுத் தெருக்குழாயில இருந்து வர்றதைவிட ரெண்டு வாளியில ஏழரை லிட்டரா எடுத்தா தேவலை. இடுப்புலதான் வைக்கணும்னா நடைக்கு நடை பக்கம் மாத்துங்க. ஊர்ல பாதிப் பேருக்கு இடது இடுப்புதான் பழக்கம், மாத்தினா ஒரு வாரம் தண்ணி சிந்தும்.

மல்லித்தோட்டம்:

சரி, பயிற்சின்னு செஞ்சா எதைச் செய்யணும்? பெரிய பட்டியல் வேண்டாம்.

தெப்பக்குளம்மேற்கு:

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மெக்கில் பொறுக்கியெடுத்த மூன்று போதும். தண்டில் பாரம் குறைவு, தசைக்கு வேலை அதிகம் என்பதுதான் அவர் வைத்த அளவுகோல். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் 'சிட்-அப்' ஒவ்வொன்றும் தண்டில் சுமார் 3,300 நியூட்டன் ஏற்றுகிறது. வலி இருப்பவர்கள் அதை மறந்துவிடுங்கள்.

முதலாவது தலை தூக்குவது. மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டி, ஒன்றை மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் இடுப்பு வளைவுக்கடியில் வையுங்கள். அந்த வளைவு நசுங்கக்கூடாது, கைதான் காவல். தலையும் தோளும் ஒரே துண்டாக, தரையிலிருந்து ஒரு தாள் நுழையும் உயரம் எழுந்தால் போதும். தாடை நெஞ்சை நோக்கிப் போனால் கழுத்துதான் வலிக்கும்.

இரண்டாவது பக்கவாட்டுப் பாலம். ஒருக்களித்து, முழங்கை தோளுக்கு நேர் கீழே. தொடங்குபவர்கள் முழங்காலை மடக்கி அதன்மேல் நிற்கட்டும். இடுப்பைத் தூக்கும்போது மேலே மட்டும் போகாமல் முன்னாலும் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு மடங்கியே இருக்கும். நன்றாகப் பழகியபின் கால் நீட்டிப் பாதத்தில்.

மூன்றாவது நான்கு காலில் நின்று எதிர்க் கை, எதிர்க் கால் நீட்டுவது. பெரும்பாலோர் கெடுப்பது இதைத்தான். காலை உயரமாகத் தூக்கினால் இடுப்பு குழிந்து, வேலை முழுக்கத் தண்டு மூட்டுக்குப் போய்விடும். குதிகாலைச் சுவரை நோக்கித் தள்ளுவதாக நினையுங்கள், முதுகு மட்டத்துக்கு மேல் வேண்டாம். இடுப்பின் மேல் தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் டம்ளர் வைத்துப் பாருங்கள். காலை நீட்டும் கணத்தில் டம்ளர் சாய்கிற பக்கம்தான் உங்கள் தொய்ந்த கயிறு. டம்ளர் நிற்கவே மாட்டேன் என்றால் கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் நீட்டுங்கள்.

ஒவ்வொன்றும் 10 நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். தொடர்ந்து பிடித்தால் தசைக்குள் ஆக்சிஜன் குறைந்து பிடிப்பு வரும். முதல் சுற்றில் பக்கத்துக்கு 6 தடவை, அரை நிமிடம் ஓய்வு, பிறகு 4, பிறகு 2. எளிதானால் நொடியைக் கூட்டாமல் தடவையைக் கூட்டுங்கள். தினமும் செய்யலாம், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் வேண்டாம்.

ஆதாரம்எங்க:

இதோட நடையைச் சேருங்க. கையை வீசி, கொஞ்சம் வேகமா, 10 நிமிசமா நாளுக்கு மூணு தடவை. தமுக்கம் பக்கம் கடை பார்த்துக்கிட்டு ஊர்ந்து போறது நடை ஆகாது, மெதுவா நடந்தா முதுகுத் தசைக்கு ஓய்வே கிடைக்காது.

ஸ்கேன் பத்தியும் ஒரு வார்த்தை. "ஜவ்வு விலகிருச்சு"ன்னு எம்ஆர்ஐ தாளை நீட்டுறாங்க. வலியே இல்லாத 3,110 பேரோட படங்களைத் தொகுத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. 20 வயசுல 37 சதவீதம், 50 வயசுல 80 சதவீதம், 80 வயசுல 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துச்சு. 50 வயசுல 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல். அவங்கள்ல ஒருத்தருக்கும் வலி கிடையாது. நரை மாதிரி அது. பெரிசாப் பிதுங்கி வெளிய வந்த டிஸ்க்கும் மாதக்கணக்குல தானாவே சுருங்குறது உண்டு.

பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் நாள்பட்ட வலிக்கு வழக்கமாக் கொடுக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வழிகாட்டியே போட்டிருச்சு. இங்க இன்னும் முதல் நாளே பெல்ட்டை மாட்டிவிடுறாங்க.

செல்லூர்பாலம்:

பாம்பாசனம் போட்டா போதும்னு சொல்றாங்களே? எங்க அப்பாவுக்கு 68 வயசு, அது போட்டா கால் மரத்துப்போகுதுங்கிறார்.

தெப்பக்குளம்மேற்கு:

உடனே நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. அவர் வயதில் நரம்பு போகும் பாதை குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் வளைந்தால் பாதை இன்னும் சுருங்கும். கேட்டுப் பாருங்கள்: கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கடுத்து, உட்கார்ந்தால் அல்லது முன்னால் சாய்ந்தால் சரியாகிறதா? சைக்கிள் மிதிப்பது நடப்பதைவிடச் சுலபமாக இருக்கிறதா? ஆம் என்றால் அவருக்கு முன்னால் வளையும் பயிற்சிதான் ஒத்துவரும்.

பாம்பாசனம் யாருக்கு என்றால், குனிந்தால் வலி கூடி, கவிழ்ந்து கையூன்றி எழும்பினால் காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையில் இருந்தது இடுப்புக்கும் ஏறி ஒடுங்குகிறவர்களுக்கு. வலி மேலே ஏறிச் சுருங்கினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறி. கீழே இறங்கிப் பரவினால் அந்தத் திசை ஆகாது. நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி காட்டிய வழி இது. பந்து வீசும் பையன்கள், கபடி, சிலம்பம் ஆடுகிற பதின்வயதினருக்குப் பின்னால் வளைந்தால் மட்டும் ஒரு புள்ளியில் குத்தினால், எலும்பில் விரிசல் இருக்கலாம். அவர்களுக்கும் பாம்பாசனம் கூடாது, படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வைகைத்தென்கரை:

இந்த இழையில் இருக்கிற எதையும் செய்யாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவங்க யாருன்னு எழுதிர்றேன். சிறுநீர் வராம அடைச்சுக்கிறது, இல்லை தெரியாமப் போறது, மலம் அடக்க முடியாம போறது, சைக்கிள் சீட் படுற இடம் மரத்துப்போறது, ரெண்டு காலும் பலம் இழக்கிறது. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே, ராத்திரி ஆனாலும், அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. காலையில பார்த்துக்கலாம்னு விட்டா நரம்பு திரும்பாமலே போகலாம். பாதம் தொங்கி செருப்பு கழண்டு விழுந்தாலும் தள்ளிப்போடாதீங்க.

சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வேர்வை, படுத்தாலும் குறையாத வலி இருந்தா முதுகெலும்புக் காசநோயை நம்ம ஊர்ல மறக்கவே கூடாது. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவங்க, ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க, வழுக்கி விழுந்த வயசானவங்க யாரும் உருவி விடுறதுக்கோ, சுளுக்கெடுக்கிறவர் முதுகுல ஏறி மிதிக்கிறதுக்கோ போகக்கூடாது.

இது எதுவும் இல்லாத சாதாரணப் பிடிப்புக்கு ஒருநாள், ரெண்டு நாளுக்கு மேல படுக்கை வேண்டாம். படுத்தே கிடந்தா தசைதான் கரையும். வீட்டை விட்டு நகர முடியாத பெரியவங்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

கீழமாசிவீதி:

கடைசியா ஒண்ணு. பக்கவாட்டுப் பாலம் போட்டா சுமைதூக்குறவங்க பாதிப் பேருக்குத் தோள் வலிக்குதுங்கிறாங்க. விட்டிரலாமா?

கம்புக்காரன்:

விட வேண்டாம் ண்ணே, சுவத்துல போடச் சொல்லுங்க. சுவருக்குப் பக்கவாட்டா நின்னு, முன்கையைச் சுவத்துல நெஞ்சு உயரத்துக்கு வச்சு, பாதத்தை ரெண்டடி தள்ளி வச்சுச் சாயணும். அப்படியே பாதத்தைத் திருப்பி ரெண்டு முன்கையும் சுவத்துல, பிறகு அடுத்த பக்கம். திரும்பும்போது தோளும் இடுப்பும் ஒரே கதவு மாதிரி சேர்ந்து திரும்பணும். தோள் முதல்ல போய் இடுப்பு பின்னால வந்தா, அதேதான் மூட்டையை வீசும்போதும் நடக்குது. பக்கத்துக்கு 5 தடவை. கடைச் சுவரே போதும், வெள்ளையடிச்ச சுவரா இருந்தா மட்டும் துண்டை வச்சுக்கிறச் சொல்லுங்க.